மருந்தில்லாத பழம்

சுகிர்தபாயின் ஒயினைக் குடி என்று குழிவிளையில் யாரும் சொன்னதில்லை. குடி என்றால் அது வேறு. பாறசாலையில் பிவரேஜ் கடைக்கு முன்னால் வளைந்து நிற்கிற வரிசை குடி. காஞ்சிரங்குளம் ரோட்டில் ஓலை மறைப்புக்குள் நடப்பது குடி. போகும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், வரும்போது வேட்டி எங்கே என்று தெரியாமல் வருவது குடி. ஒயின் அப்படியல்ல. அது சபையில் திருவிருந்துக்குக் கொடுப்பது. கிறிஸ்மஸுக்குக் கேக்கோடு தட்டில் வருவது. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மூடி, சளி கட்டிய பெரியவருக்கு இரண்டு மூடி. விளக்கேற்றிச் சாமி கும்பிடுகிற வீடுகளிலும் அலமாரியில் தேன் குப்பிக்குப் பக்கத்தில் அது இருக்கும். யாரும் ஒளித்து வைப்பதில்லை.

சுகிர்தபாய் வீட்டுக்கும் விலாசினி வீட்டுக்கும் நடுவே செம்பருத்தி வேலி ஒன்றுதான். அதிலும் ஆள் நுழைகிற இடைவெளி உண்டு. ஜூன் மாதம் ஞாவல் என்கிற நாவல்பழம் உதிரும்போது விலாசினியும் அவள் மகள் ஆதிராவும் போய்ப் பொறுக்கிக் கொடுப்பார்கள். அது ஒரு பீங்கான் பரணியில் ஊறும். புரட்டாசி கழிந்து கம்பத்திலிருந்து கறுப்புத் திராட்சை வரும். அது வேறு பரணிகளில் ஊறும். திராட்சை மட்டும் போட்டால் வெறும் இனிப்பு. ஞாவல் மட்டும் போட்டால் நாக்கு மரத்துப்போகும். டிசம்பர் பிறந்ததும் சுகிர்தபாய் இரண்டையும் வெள்ளைத் துணியில் வடித்து, ருசி பார்த்துப் பார்த்துக் கலப்பாள். கலந்த பிறகுதான் அதற்கு அந்தச் சிவப்பு வரும். கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்தால், உள்ளங்கையை விளக்குக்கு நேரே பிடித்ததுபோல இருக்கும்.

திராட்சை பரமசிவன் என்பவரின் தோட்டத்திலிருந்து வருவது. அவர் ரசாயனம் எதுவும் தெளிப்பதில்லை. சாணியும் இலைதழையும் வேப்பம்புண்ணாக்கும்தான் உரம். கொடிகளுக்கு அடியில் தட்டைப்பயறு விதைத்து அதையும் மடக்கி உழுதுவிடுவார். பழம் சிறுத்து, புள்ளி விழுந்து இருக்கும். கண்ணுக்கு அழகில்லாததால் வியாபாரிகள் எடுக்க மாட்டார்கள். விலையும் அதனால் குறைவு. அந்தக் குறைந்த விலையில்தான் ஓலைக்கூரை போட்ட சின்னச் சபைக்கும் சுகிர்தபாயால் ஒயின் கொடுக்க முடிந்தது. அவரிடம் முதல்முறை போனில் பேசியபோது, “முந்திரி கிட்டுமா?” என்றுதான் கேட்டாள். “முந்திரியா? அது பண்ருட்டிப் பக்கம்மா, நம்மகிட்ட இல்லை” என்று அவர் வைத்துவிட்டார். இந்தப் பக்கத்தில் முந்திரி என்றால் திராட்சை, மற்றது கொல்லாங்கொட்டை என்று அவருக்குப் புரியவைக்க இன்னொருமுறை கூப்பிட வேண்டியிருந்தது.

பெட்டிகளை லாரியிலிருந்து இறக்கி வீடுவரை சுமந்து வருவது விலாசினியின் புருஷன் கிருஷ்ணன்குட்டி. பாறசாலைச் சந்தையில் சுமட்டுக்காரன். அகன்ற தோள். தலையில் பெட்டி இருக்கும்போதும் வாய் சும்மா இருக்காது.

“அக்கா, இதுக்குப் போயி இம்புட்டுப் பவுசா? மூஞ்சி பூரா அம்மைத் தழும்பு.”

“எலே, மருந்தடிக்காத பழம்னா அப்பிடித்தான் இருக்கும். பளபளன்னு இருக்கதெல்லாம் விஷத்துல குளிச்சதாக்கும்.”

“அப்போ எனக்க பெண்டாட்டியும் மருந்தடிக்காத பழந்தான்.”

வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த விலாசினி, “சுமடு எடுக்கப் போனா சுமடு எடுங்க. பழத்துக்க குணத்தை நிங்க பாக்கண்டாம்” என்றாள். சுகிர்தபாயின் புருஷன் விஜயதாஸ், தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தார்.

போன ஐப்பசியில் அந்தச் சிரிப்பில் விலாசினியும் சேர்ந்துகொண்டாள். சேர்ந்து சிரிக்க அவளுக்குக் காரணம் இருந்தது. புருஷன் குடியை விட்டிருந்தான்.

விட்டது எப்படி என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

முந்தின வருஷம் அவனைக் குடி நிறுத்தும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். திரும்பி வரும்போது ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் அவளையும் உட்காரவைத்து மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். இந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது மத்யம் ஒரு துளி தொடக்கூடாது, தொட்டால் உயிருக்கே ஆபத்து. புருஷனுக்குத் தெரிந்துதான் கொடுக்க வேண்டும், தெரியாமல் கொடுக்கவே கூடாது. கிருஷ்ணன்குட்டி சில நாள் தின்றான். பிறகு, “எனக்கு நானே விலங்கு போடணுமா?” என்று தூக்கி எறிந்துவிட்டு, பழையபடி ஆனான். ஓணம் கழிந்து கல்லூரி திறந்த அன்று மகளின் கல்லூரி வாசலில் போய் விழுந்து கிடந்தான். ஆதிரா அன்று வீட்டுக்கு வந்து புத்தகப் பையைத் தொப்பென்று தரையில் வைத்துவிட்டு, “இனி நான் படிக்கப் போகலம்மா” என்றாள்.

அடுத்த நாளிலிருந்துதான் விலாசினி, பழைய சீட்டைக் காட்டி வாங்கிய மாத்திரையைப் பொடித்தாள்.

அவனுக்கு வயிற்றுப்புண் இருந்ததால் மிளகு குறைத்து ஒரு சின்னச் சட்டியில் தனியாகக் கறி வைப்பது வழக்கம். பயறோ, புளிசேரியோ, மீன் கிடைத்தால் மீனோ. அப்பாவுக்க சட்டி என்று அதற்குப் பெயர். விலாசினிக்கு நெய்யாற்றின்கரை போகிற வழியில் ஒரு பேக்கரியில் வேலை. ரஸ்க்கும் கேக்கும் பொதிந்து அடுக்குவது. காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போனால் திரும்ப இருட்டிவிடும். கிருஷ்ணன்குட்டி சந்தையிலிருந்து வந்து குளித்துவிட்டு விளக்கு வைத்ததும் கஞ்சிக்கு உட்காருவான். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவள் ஆதிரா. அவள்தான் சட்டியைச் சூடாக்கி, அப்பாவுக்குத் தட்டில் விளம்புவாள். “இன்னும் ஒரு கரண்டி ஊத்தட்டாப்பா?” என்பாள். அவன் தட்டை நீட்டுவான்.

நாலைந்து நாள் கழித்து யாரோ கொடுத்த பிராந்தியை அவன் குடித்துப்பார்த்தான். முகம் செம்பாய்ச் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடக்கக் கிடந்தான். தேறி எழுந்ததும், “உடம்பு வெறுத்துப்போச்சு பிள்ளே. இனி அது எனக்கு ஆகாது” என்றான். விலாசினி பேக்கரிக்குப் போகிற பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். அவன் சாயங்காலங்களில் வாழைக்கு மண் அணைத்தான். மகளுக்குக் கல்லூரிக்குக் குடை வாங்கி வந்தான். ஆதிரா அப்பாவோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். வீட்டில் டி.வி. சத்தத்துக்கு மேலாக இரண்டுபேரும் வாதாடுகிற சத்தம் ரோட்டுவரை கேட்டது.

கிறிஸ்மஸ் அன்று பேக்கரி உச்சிப்பொழுதோடு விட்டுவிட்டது. விலாசினி வீட்டுக்கு வந்தபோது கிருஷ்ணன்குட்டி முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தான். ஆதிரா தோழி வீட்டில் கேக் தின்னப் போயிருந்தாள். புதுச் சேலையில் சுகிர்தபாய் வேலியின் இடைவெளி வழியாக வந்தாள். தட்டில் அப்பம், கோழிக்கறி, கேக், ஒரு குப்பி.

“இந்த வருஷத்துக்க மொதக் குப்பி சபைக்கு. ரெண்டாவது பெட்டி சொமந்தவனுக்கு” என்று சொல்லி வைத்தாள். “இனி நாலு வீடு ஏறி இறங்கணும், உக்கார நேரமில்ல மக்கா” என்று போய்விட்டாள்.

கிருஷ்ணன்குட்டி குப்பியைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான். பிறகு கீழே வைத்தான்.

“நல்ல நெறம். எனக்கு வேண்டாம் பிள்ளே.”

“எதுக்காக்கும் வேண்டாம்?”

“வயிறு ஏத்துக்கிடாது. அன்னைக்குப் பாத்தேல்லா?”

“அது பிராந்தி. இது ஒயினாக்கும். அக்கா சர்ச்சுல குடுக்கிறது. சின்னப் பிள்ளையளே குடிக்குது, நிங்களுக்கு என்ன வரும்?”

“இருந்தாலும்...”

“நல்லநாளும் அதுவுமா அக்கா கொண்டுவந்து தந்திருக்கா. நிங்க சொமந்த பழந்தானே? மருந்தில்லாத பழம். குடியுங்க.”

அவளே ஸ்டீல் டம்ளரில் ஊற்றினாள். முக்கால் டம்ளர். இத்தனை மாதம் கட்டுப்பாடாக இருந்த மனுஷனுக்கு ஒரு சந்தோஷம் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். டாக்டர் சொன்ன மத்யம் என்ற சொல் அவள் நினைவில் இருந்தது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் பிராந்தி இருந்தது, கள் இருந்தது, வரிசை இருந்தது. சுகிர்தபாயின் ஒயின் அதற்குள் இல்லை.

அவன் குடித்துவிட்டு, “அக்கா கை அக்கா கைதான்” என்றான். மரச்சீனித் துண்டுகளைக் கழுவ எழுந்தான். சற்றைக்கெல்லாம் முகமும் கழுத்தும் கனிந்து சிவந்தன. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். அப்போதுதான் விலாசினிக்கு எல்லாம் புரிந்தது. ஓடிப்போய் அவன் வாயில் விரலை விட்டாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டு, “ஒண்ணுமில்ல பிள்ளே, ஒண்ணுமில்ல” என்றான். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. ஆட்டோ நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் முக்கில் அவன் தலை அவள் மடியில் பாரமாயிற்று. அறுத்துப் பார்த்த டாக்டர், இருதயம் ஏற்கெனவே பழுதாக இருந்தது என்றார். கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்.

“ஒயின்” என்றாள் விலாசினி. அவர் கேட்டது அதுவரைதான். அவள் சொன்னதும் அதுவரைதான்.

அந்த ஒரு சொல் அவளுக்கு முன்னால் குழிவிளைக்கு வந்து சேர்ந்துவிட்டது. வீட்டின் தெற்குப் பக்கத்தில் சிதை எரிந்துகொண்டிருக்கும்போதே சுகிர்தபாய் வீட்டு முன்னால் ஜீப் நின்றது. போலீசோடு எக்சைஸ்காரர்களும் இருந்தார்கள். சபைக்கென்று செய்தது வீடுகளுக்கு எப்படிப் போயிற்று என்று கேட்டார்கள். குப்பிகளில் மாதிரி எடுத்தார்கள். பரிசோதனை முடிவு வர நாளாகும் என்றார்கள். மிச்சத்தைப் பரணி பரணியாகத் தூக்கி வந்து ரப்பர் மரங்களுக்கு நடுவே கவிழ்த்தார்கள். செம்மண் அதைக் குடித்தது. வாசனை மட்டும் மூன்றாம் வீடுவரை நின்றது.

“இதுல என்ன மருந்து கலந்தே?” என்று ஒரு அதிகாரி கேட்டார்.

“மருந்தா? மருந்தே கிடையாது சாரே. மருந்தடிக்காத பழமாக்கும்” என்றாள் சுகிர்தபாய். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த விலாசினிக்கு அந்தக் கேள்வியும் கேட்டது, பதிலும் கேட்டது.

எந்த வீட்டில் எத்தனை குப்பி இருந்ததோ அத்தனையும் மறுநாள் ஓடையில் கொட்டப்பட்டன. அதே பரணி ஒயினைக் குடித்தவர்கள் ஊரில் நிறையப்பேர் இருந்தார்கள்; யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும், “எனக்கும் அன்னைக்கு ஒரு தலைச்சுத்து உண்டும்” என்று ஒருத்தி சொன்னாள். சபையில் இனி நெய்யாற்றின்கரையிலிருந்து குப்பி வாங்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். விஜயதாஸிடம் தைக்கக் கொடுத்த துணிகளை ஆட்கள் தைக்காமலே திரும்ப வாங்கிப்போனார்கள்.

கிருஷ்ணன்குட்டியின் அக்காள் ஸ்ரீகுமாரி பூவாரிலிருந்து வந்து வீட்டில் தங்கிவிட்டாள். குரல் பெரிய பொம்பளை. தம்பியைத் தூக்கி வளர்த்தவள்.

“எனக்க தம்பி குடிச்சுக் கெடந்த காலத்துலகூடச் சாவல. திருந்தின பெறவு கொன்னுபோட்டா. சுமடு சொமந்ததுக்குக் கூலியாக்கும் அது.”

“மைனி, பய்யப் பேசுங்க” என்றாள் விலாசினி.

“என்னத்துக்குப் பய்ய? கேக்கட்டும்! நீ வாயில்லாப் பூச்சி. அதுனாலதான் உனக்க நெத்தி வெறுமையாச்சு.”

சஞ்சயனத்தன்று, எலும்பு பொறுக்கி முடிந்து ஆட்கள் கஞ்சிக்கு உட்கார்ந்த நேரம், சுகிர்தபாய் ஒரு சாக்கு அரிசியும் வாழைக்குலையும் ஆள்வசம் எடுத்துக்கொண்டு வந்தாள். வேலி இடைவெளி வழியாக வரவில்லை. ரோட்டைச் சுற்றி முன்வாசல் வழியாக வந்தாள். ஆதிரா படியை மறித்து நின்றாள். பிறந்ததிலிருந்து சுகிர்தபாயின் மடியில் கிடந்த பிள்ளை.

“பெரியம்மே, கேறப்பிடாது.”

“மக்கா...”

“அப்பா வேண்டாம்னு இருந்தவரு. நீங்க கொண்டுவந்து குடுத்தீங்க. கேறப்பிடாது.”

சுகிர்தபாய் தலையாட்டினாள். அரிசியை ரோட்டோரத்தில் இறக்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். விலாசினி உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றாள்.

மறுநாள் காலையில் போலீஸ் வரும், ஆதிராவிடமும் கேட்பார்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். மத்தியானம் முழுக்க ஸ்ரீகுமாரி அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். “நிர்பந்திச்சுக் குடுத்தான்னு சொல்லணும் மக்கா. அப்போதான் கேசு நிக்கும். அவ ஜெயில்ல கெடந்து களி தின்னாத்தான் எனக்க தம்பிக்க ஆத்மா அடங்கும்.” ஆதிரா முழங்காலைக் கட்டிக்கொண்டு, “செரி மாமி” என்றாள்.

விலாசினி எழுந்து வேலியைத் தாண்டினாள்.

சுகிர்தபாய் அடுக்களைக்கு வெளியே காலிப் பரணிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கழுவினவைதான். விலாசினியைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்தாள்.

“விலாசினி, ஒண்ணு கேக்கட்டா? நெஞ்சைத் தொட்டுப் பறயணும். அன்னைக்கு ஊத்தினப்போ நெறம் எங்ஙன இருந்து?”

“எப்பவும் போலத்தான் அக்கா.”

“நுரை உண்டா?”

“இல்ல.”

“பித்தளையிலயோ செம்புலயோ ஊத்தினியா?”

“ஸ்டீல் டம்ளராக்கும்.”

“பின்ன எங்ஙன மக்கா? நானும் இவரும் குடிச்சோம். ஒரு ஏப்பம் வரல.” குரலைத் தாழ்த்தினாள். “ஞாவப்பழம் பொறுக்கின எடத்துல ஒரு காஞ்சிரம் நிக்குதுல்லா? அதுக்க விஷக்காயி எதாவது கூடச் சேந்திருக்குமோ?”

உள்ளே மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்த விஜயதாஸ், “காஞ்சிரங்காயி ஆரஞ்சு மாதிரி இருக்கும். ஞாவலு கறுப்பு. கண்ணு பொட்டையா உனக்கு? ராவும் பகலும் இதையே பறஞ்சிட்டுக் கெடக்கா” என்றார்.

“அப்போ பல்லி விழுந்திருக்கும்.”

“பல்லி விழுந்தா நம்மளும்லா போயிருக்கணும்?”

“நமக்கு விதியில்ல. அவனுக்கு விதி” என்று சுகிர்தபாய் ஒரு பரணியை மடியில் வைத்து, துணியால் உள்ளே துழாவித் துடைத்தாள். “ஞாயிறு திருவிருந்துக்கு நான் எந்திச்சுப் போகல விலாசினி. பாத்திரம் கிட்ட வந்துது. கை நீட்ட முடியல. எனக்க கையில ஒரு மனுஷனுக்க உயிர் இருக்கு. நாளைக்கு அவங்க வரும்போ நான் சொல்லிப்போடுவேன். எங்கியோ பிழை வந்துபோச்சு, நாந்தான் காரணம்னு. சொல்லினா எனக்கு ஒறக்கம் வரும்.”

“அது நல்ல ஒயினாக்கும் அக்கா” என்றாள் விலாசினி.

“நல்லதுன்னா அவன் எங்ஙன போனான்?”

விலாசினி வாயைத் திறந்தாள். சட்டி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சட்டியோடு கரண்டியும் வந்தது. கரண்டியைப் பிடித்த கையும் வந்தது. இன்னும் ஒரு கரண்டி ஊத்தட்டாப்பா என்று கேட்கிற குரல் வந்தது. இதைச் சொன்னால் சுகிர்தபாய் மீள்வாள். ஆனால் ஓணம் கழிந்த நாள்முதல் ஒவ்வொரு அந்தியிலும் அப்பாவுக்கு விளம்பிய பிள்ளை, இனி ஆயுசுக்கும் எந்தத் தட்டில் எப்படிச் சோறு விளம்புவாள்?

“நான் வாறேன் அக்கா” என்று எழுந்து வந்துவிட்டாள்.

அன்று ராத்திரி முழுக்க அவள் ஒரு வழியை மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். பொடித்தது நான் என்று சொல்லலாம். கலந்தது நான். ஊற்றிக் கொடுத்தது நான். விளம்பியதும் நான் என்று சொல்லிவிட்டால் போதும். ஒரு சொல்தான் பொய். அந்த ஒரு பொய்க்குள் பிள்ளை நிற்க இடம் இருக்கும்.

காலையில் தூறல் போட்டது. மார்கழியில் பெய்யாத மழை. எஸ்.ஐ.யும் ஒரு பெண் போலீசும் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சுகிர்தபாயையும் விஜயதாஸையும் வரச் சொன்னார்கள். அவர்கள் உள்ளே ஏறாமல் முற்றத்தில் குடைபிடித்து நின்றார்கள். ஸ்ரீகுமாரி ஆதிராவின் தோளில் கைவைத்து முன்னால் தள்ளினாள்.

“சொல்லு மக்கா. பயப்படண்டாம்.”

“சாரே, நான் ஒண்ணு பறயணும்” என்று முற்றத்திலிருந்து சுகிர்தபாய் தொடங்கினாள். “எனக்க பிழைதான்...”

“அக்கா, நிறுத்துங்க” என்றாள் விலாசினி. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “ஒயின்ல ஒண்ணும் இல்ல சாரே. மருந்து எனக்க சட்டியிலயாக்கும் இருந்துது.”

யாருக்கும் புரியவில்லை. அவள் அடுக்களைக்குப் போய், அரிசிப் பானைக்குள் கைவிட்டு, மாத்திரை அட்டையை எடுத்து வந்து எஸ்.ஐ. முன்னால் வைத்தாள். குடி நிறுத்துகிற மாத்திரை என்றாள். அவன் தின்ன மாட்டேன் என்றதால் பொடித்துக் கறியில் கலந்தேன் என்றாள். மத்யம் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னார், ஒயினும் மத்யம் என்று எனக்குத் தோன்றவில்லை என்றாள். வேண்டாம் என்ற மனுஷனைக் குடிக்கச் சொன்னது நான் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கு மூச்சு சீராகி வந்தது.

“மருந்து வெச்சியா?” ஸ்ரீகுமாரி தலையில் அடித்துக்கொண்டாள். “எடி பாவி, எனக்க தம்பிக்குச் சோத்துல மருந்து வெச்சியா?”

பெண் போலீஸ் அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். எஸ்.ஐ. அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பெரிய குரலில் பேசாதவர்.

“தினமும் கொடுத்தீங்களா சேச்சி?”

“தினமும்.”

“எப்போ?”

“அந்திக் கஞ்சிக்கு.”

“யாரு விளம்பினது?”

“நான். நான்தான் பொடிச்சேன், நான்தான் கலந்தேன், நான்தான் விளம்பினேன்.”

“இல்ல” என்றாள் ஆதிரா.

விலாசினி மகளைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். ஆதிரா அவளைப் பார்க்கவில்லை. எஸ்.ஐ.யின் கையிலிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மை வேலை கழிஞ்சு வாறதுக்கு இருட்டிரும் சாரே. நானாக்கும் விளம்பினது. எல்லா நாளும்.”

“அவளுக்கு ஒண்ணும் தெரியாது சாரே! அவ குழந்தை. அவளை எழுதாதீங்க.”

“தெரியாதுதான்” என்றாள் ஆதிரா. “ஆனா நானாக்கும் விளம்பினது.”

எஸ்.ஐ. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். முற்றத்தில் சுகிர்தபாயின் கையிலிருந்து குடை சாய்ந்தது. அவள் முகத்தில் ஆறுதல் எதுவும் வரவில்லை. கிருஷ்ணன்குட்டி செத்த நாளிலிருந்து அழாதவள், மழையில் நின்று, “எனக்க மக்களே, எனக்க மக்களே” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். விஜயதாஸ் குடையை எடுத்து அவள் தலைக்கு மேல் பிடித்தார்.

ஆதிரா சுவரோரமாக நகர்ந்து, எல்லாரிடமிருந்தும் தள்ளி, வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.

விலாசினி ஸ்டேஷனுக்கு வரவேண்டியிருக்கும், எழுதி வாங்கவேண்டியது நிறைய இருக்கிறது என்று பெண் போலீஸ் மெதுவாகச் சொன்னாள். சேலை மாற்றிக்கொள்ளச் சொன்னாள். விலாசினி மாற்றிக்கொண்டு வந்தாள். ஜீப்புக்குப் போகிற வழியில் மகளுக்கு எதிரே நின்றாள். கிட்டே போகலாமா என்று தெரியவில்லை. இத்தனைக்குப் பிறகு எதைச் சொல்வது என்றும் தெரியவில்லை. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது சொல்வதுதான் வாயில் வந்தது.

“கஞ்சி இருக்கு மக்கா. சூடாக்கிக் குடி.”

ஆதிரா தலையைத் தூக்கினாள். கோபமில்லாமல், தெரிந்துகொள்வதற்காக மட்டும் கேட்பதுபோலக் கேட்டாள்.

“அதுல என்ன போட்டிருக்கும்மா?”

“உப்பு” என்றாள் விலாசினி. “உப்பு மாத்திரம் மக்கா.”